தராசு சாயும் இடம்: இணையச் சதிக் குழுக்களுக்குள் என்ன நடக்கிறது?

பூமி தட்டை என்று நம்பும் ஓர் அமெரிக்கக் குழு, சில ஆண்டுகளுக்கு முன் சுமார் 20,000 டாலர் கொடுத்து ஒரு லேசர் ஜைரோஸ்கோப் வாங்கியது. சுழற்சியை மிக நுணுக்கமாக அளக்கும் கருவி அது. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது என்றால் கருவி மணிக்கு 15 டிகிரி விலகல் காட்ட வேண்டும். சுற்றவில்லை என்றால் எதுவும் காட்டக்கூடாது. சோதனையின் அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயக்கிப் பார்த்தார்கள். மணிக்கு 15 டிகிரி காட்டியது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். வானத்திலிருந்து வரும் ஏதோ ஓர் ஆற்றல் கருவியைப் பாதிக்கிறது என்று முடிவு கட்டி, காந்தப்புலம் புகாத உறைக்குள் அதை வைத்து மறுபடி அளந்தார்கள். அப்போதும் 15 டிகிரிதான். அடுத்து பிஸ்மத் உலோகத்தால் உறை செய்யலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்தக் குழுவிடம் கைத்திறன் இருந்தது, பணம் இருந்தது, பொறுமை இருந்தது, சரியான கேள்வியும் சரியான கருவியும் இருந்தன. நம்மில் பெரும்பாலோர் பூமி உருண்டை என்பதைச் சோதித்துப் பார்த்ததே இல்லை, அவர்கள் சோதித்தார்கள். பழுதாகியிருந்தது எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை தருவது என்று முடிவு செய்யும் தராசுதான். பிடித்த விடை வந்தால் அது நிரூபணம். பிடிக்காத விடை வந்தால் கருவிக்கு ஏதோ ஆகிவிட்டது.

உலக நிகழ்வுகளுக்குப் பின்னால் ரகசியச் சதி இருக்கிறது என்று நம்புகிறவர்கள் கூடும் இணையக் குழுவைத்தான் இங்கே சதிக் குழு என்கிறேன். அப்படி ஒன்றில் மாதக்கணக்கில் புழங்கும் மனிதரிடம் மாறியிருப்பது அவருடைய கருத்து என்று நினைத்துக்கொண்டு நாம் அந்தக் கருத்தோடு மல்லுக்கட்டுகிறோம். தராசு சாய்ந்திருக்கும்போது அதன் தட்டில் எத்தனை சான்றுகளைக் குவித்தாலும் முள் நகராது. அது எப்படிச் சாய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே வரும் வழி

யாரும் ஒரு நாள் காலையில் எழுந்து "இன்று முதல் சதிக் கோட்பாட்டை நம்பப்போகிறேன்" என்று தீர்மானிப்பதில்லை. பெரும்பாலும் வாழ்க்கையில் ஏதோ ஒன்று கைமீறிப் போயிருக்கும்: வேலை இழப்பு, மருத்துவர்களால் சரியாகப் பெயர் சொல்ல முடியாத ஒரு நோய், பிரிவு, பேரழிவு. 2008-இல் ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி இருவரும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நிலைமை தங்கள் கையில் இல்லை என்ற உணர்வு ஊட்டப்பட்டவர்கள், வெறும் புள்ளிகள் மட்டுமே இருந்த படங்களிலும் உருவங்களைக் கண்டார்கள். தொடர்பில்லாத நிகழ்வுகளுக்குப் பின்னால் சதியையும் கண்டார்கள். மனம் ஒழுங்குக்கு ஏங்குகிறது. ஒழுங்கு கிடைக்காதபோது தானே வரைந்துகொள்கிறது.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. பெரிய விளைவுக்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்குத் தனி ஆள் ஒருவனும் ஒரு துப்பாக்கியும் போதும் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது. உலகையே முடக்கிய நோய்த்தொற்று கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வேலை என்பதும் அப்படித்தான். அளவு பொருந்தவில்லை என்ற அந்த உறுத்தலைத்தான் சதிக் கதை போக்குகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் குழுக்களின் மீது போட முடியாது. ரெடிட் தளத்தின் சதிக் கோட்பாட்டு மன்றத்தில் எழுதியவர்களை 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பின்னோக்கிப் பார்த்தார்கள். அங்கே போவதற்கு முன்பே அவர்களுடைய சொற்களும் அவர்கள் புழங்கிய இடங்களும் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்தன. குழு வெறும் வலையாக இருந்து வழியில் போகிற எல்லோரையும் பிடிப்பதில்லை. ஏற்கெனவே ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தவர்களுக்கு அது சரிவைச் செங்குத்தாக்குகிறது.

ஒரு கேள்வி, அருகிலிருந்து

முதலில் வருவது எப்போதும் கேள்விதான். "நிலவில் எடுத்த படங்களில் ஏன் ஒரு நட்சத்திரம்கூட இல்லை?" என்பதை எடுத்துக்கொள்வோம். நல்ல கேள்வி. கேட்டவரைக் கேலி செய்ய இதில் எதுவும் இல்லை.

விடை கேமராவுக்குள் இருக்கிறது. அப்போலோ பயணிகள் நிலவின் பகல் வெளிச்சத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடி, லென்ஸ் துளை பெரும்பாலும் எஃப் 5.6 முதல் எஃப் 11 வரை. கேமராவுக்குள் அத்தனை குறைவான ஒளி போனால் வெயில் படும் தரையும் வெள்ளை உடையும் பதியும், நட்சத்திரம் பதியாது. இதை யார் வேண்டுமானாலும் ஒரு முழுநிலவு இரவில் செல்பேசியிலேயே சோதிக்கலாம். கேமராவின் புரோ முறைக்குப் போய் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் அளவு) 100 வைத்து, ஷட்டரை 1/1000 நொடிக்குக் கொண்டுவாருங்கள். நிலவின் முகத்தில் இருக்கும் கருந்திட்டுகள் தெரியும் வரை இன்னும் வேகமாக்குங்கள். அந்தப் படத்தில் நட்சத்திரம் ஒன்றும் இருக்காது. பிறகு பேசியை ஆடாமல் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 800, 4 நொடி என்று மாற்றுங்கள். பளிச்சென்ற நட்சத்திரங்கள் வரும். நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். இரண்டும் ஒரே படத்தில் வராது.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். கேள்வி கேட்க ஐந்து நொடி போதும். இந்த வித்தியாசத்தில்தான் குழுவின் பலம் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு விடை சொல்லி முடிப்பதற்குள் "சரி, அப்படியென்றால் கொடி ஏன் அசைந்தது?" என்று வரும். அதற்குச் சொன்னால் நிழல்களின் கோணம், அதற்குப் பிறகு கதிர்வீச்சு வளையம். முந்தைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பட்டியலில் இருபது கேள்விகள் இருந்தால், இருபதும் தனித்தனியே பலவீனமாக இருந்தாலும், "இவ்வளவு கேள்வி இருக்கிறதென்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும்" என்ற உணர்வு மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. தராசு முதன்முதலில் அசைவது இங்கே. சான்றின் தரம் பார்த்த கண் எண்ணிக்கை பார்க்கத் தொடங்குகிறது.

எதிர்த்திசையில் இருக்கும் சான்று அந்தப் பட்டியலுக்குள் வருவதே இல்லை. 1969-இல் அப்போலோ 11 நிலவில் விட்டு வந்த எதிரொளிப்புக் கண்ணாடிகள் மீது அதற்குப் பிறகு பல நாடுகளின் ஆய்வகங்கள் லேசர் கற்றையை அனுப்பித் திரும்பப் பெற்றிருக்கின்றன. குழுவில் ஒருவர் இரண்டு ஆண்டுகள் தினமும் படித்தாலும் இது அவர் கண்ணில் படாமலே போகலாம்.

திரும்பத் திரும்ப

1977-இல் லின் ஹாஷரும் இரு சகாக்களும் மாணவர்களிடம் 60 வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. சில வாக்கியங்கள் மூன்று தடவையும் வந்தன. உண்மையோ பொய்யோ, திரும்ப வந்தவற்றுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது.

விஷயம் தெரிந்தவர்களை இது பாதிக்காது என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2015-இல் லிசா ஃபேசியோ குழு அதையும் சோதித்தது. அவர்கள் பயன்படுத்திய வாக்கியங்களில் ஒன்று, ஸ்காட்லாந்துக்காரர்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடைக்குப் பெயர் சேலை என்பது. சரியான விடை தெரிந்தவர்களுக்கும்கூட இப்படிப்பட்ட வாக்கியங்கள் இரண்டாம் முறை படிக்கும்போது சற்றுக் கூடுதல் உண்மையாகத் தோன்றின. தெரிந்ததை நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடுவதற்கு முயற்சி தேவை. பழகிய உணர்வு முயற்சியில்லாமல் வந்துவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதை ஒரு நாளைக்கு நாற்பது முறை என்று மாற்றிப் பாருங்கள். அதே செய்தி வீடியோவாக, ஸ்க்ரீன்ஷாட்டாக, குரல்பதிவாக, யாரோ ஒரு முன்னாள் அதிகாரியின் பேட்டியாக வருகிறது. ஐந்து வழியில் வருவதால் ஐந்து சாட்சிகள் போலத் தெரிகிறது. கிளறிப் பார்த்தால் ஐந்தும் ஒரே பதிவின் நகல்கள். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த இரட்டை அம்பைப் பார்த்ததும் "எத்தனை பேர் சொல்கிறார்கள்" என்று வியப்பதை விட்டுவிட்டு "முதலில் யார் சொன்னது" என்று கேட்கப் பழகினால் பாதிக் காரியம் முடிந்தது.

கேட்டவர் எங்கே போனார்?

1950-களில் சாலமன் ஆஷ் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். கோடுகளின் நீளத்தைச் சொல்ல வேண்டும். அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் திட்டமிட்டுத் தவறாகச் சொல்வார்கள். கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டுப் பலர் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு: அறையில் ஒரே ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னால், கூட்டத்துக்கு இணங்கும் பிழைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன.

சதிக் குழு அந்த ஒருவரை இழந்த அறை. சந்தேகம் கேட்பவரை நிர்வாகி நீக்குவது ஒரு வகை. பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை. "எவ்வளவு காசு வாங்கினாய்?" என்று நாலு பேர் கேட்டதும் அவராகவே கிளம்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து உள்ளே வருகிறவருக்கு நடந்த சண்டை தெரியாது. ஆயிரம் பேரும் ஒரே குரலில் பேசுவது மட்டும் தெரியும். ஒவ்வொரு விலகலும் மிச்சமிருப்பவர்களின் நம்பிக்கையைக் கூட்டுகிறது, குழு இன்னும் கொஞ்சம் கடுமையாகிறது.

வெளியிலிருந்து வரும் மறுப்பும் உள்ளே எட்டுவதில்லை. 5.4 கோடி அமெரிக்க ஃபேஸ்புக் பயனர்களின் ஐந்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பொய்யை அம்பலப்படுத்தும் பதிவுகளைச் சதிப் பக்கங்களின் வாசகர்கள் பெரும்பாலும் தொடவே இல்லை. தொட்ட சிலரும் அதற்குப் பிறகு தங்கள் பக்கங்களில் முன்பைவிட அதிகமாகவே ஈடுபட்டார்கள்.

இந்த இடத்தில் குழுவின் மொழியைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சாய்வு நிலைப்பது மொழியில்தான். "விழித்தவர்கள்", "மந்தை", "கைக்கூலி", "தற்செயல் என்று எதுவுமில்லை", "எந்த ஊடகமும் இதைக் காட்டாது", "டெலிட் ஆவதற்குள் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்". ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. "கைக்கூலி" என்ற சொல் கையில் இருந்தால் மறுப்பைப் படிக்க வேண்டியதில்லை. மறுத்தவரின் நோக்கம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. "ஊடகம் காட்டாது" என்றால் செய்தி எங்கும் இல்லாததே சான்றாகிவிடும். "டெலிட் ஆவதற்குள்" என்ற அவசரம் யோசிக்கும் நேரத்தைப் பறிக்கிறது. ஒருவர் இந்தச் சொற்களைக் குழுவுக்கு வெளியே, வீட்டிலும் வேலையிடத்திலும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார் என்றால், குழுவின் எடைக்கற்கள் அவருடைய சொந்தக் கற்களாகிவிட்டன என்று அர்த்தம். நம்பிக்கை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு அவர் சொல்லும் கோட்பாட்டைவிட இந்தச் சொற்கள்தான் நம்பகமான அடையாளம் என்பது என் கணிப்பு.

"நீங்களே தேடிப் பாருங்கள்"

குழுக்களில் இதைவிட அதிகம் சொல்லப்படும் அறிவுரை கிடையாது. கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 2023 இறுதியில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, பொய்ச் செய்தியைச் சரிபார்க்க இணையத்தில் தேடியவர்கள் தேடாதவர்களைவிட அதை அதிகமாக நம்பினார்கள் என்று கண்டது. தேடல் முடிவுகளில் தரமற்ற பக்கங்கள் வந்தவர்களிடம்தான் இந்த விளைவு குவிந்திருந்தது.

காரணம் தேடல் பெட்டியில் நாம் இடும் சொல். பொய்ச் செய்தியின் தலைப்பில் இருந்த அதே சொற்றொடரை அப்படியே இட்டால், அந்தச் சொற்றொடரை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களுடைய பக்கங்கள்தான் வரும். குழு ஒன்று புதிதாக ஒரு பெயரை உருவாக்கினால், தொடக்க நாள்களில் அந்தப் பெயரில் இணையத்தில் இருப்பது முழுக்க அவர்கள் எழுதியதாகவே இருக்கும். மறுப்பவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். தேடுபவர் பத்துப் பக்கம் படித்துவிட்டு "பத்து இடத்தில் உறுதிப்படுத்திவிட்டேன்" என்று நிறைவாக எழுந்திருப்பார்.

செய்ய வேண்டியது இது: குழுவின் சொல்லை எடுத்துவிட்டு, அதே விஷயத்தை அறியாத ஒருவர் எப்படிக் கேட்பாரோ அப்படித் தேட வேண்டும். தடுப்பூசி பற்றிய சந்தேகம் என்றால் குழு வைத்த பயமூட்டும் பெயரை விட்டுவிட்டு, தடுப்பூசியின் பெயர், வயது, பக்கவிளைவு என்று இடுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது, 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை என்ற மூன்றும் அப்படித் தேடினால் முதல் பக்கத்துக்குள் எட்டிவிடும்.

இன்னொரு கை வழக்கம், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களுடையது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களே பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்து, அதன் வடிவமைப்பையும் முகப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. சில நொடிகளில் புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகே திரும்பி வந்தார்கள். உள்ளே மூழ்கிப் படிப்பது பாடப்புத்தகத்துக்கு நல்லது. யார் எழுதியதென்று தெரியாத பக்கத்துக்கு அது ஆபத்து.

முரண்பாடு உறுத்தாத நிலை

கென்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வுட், கரேன் டக்ளஸ், ராபி சட்டன் மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. இளவரசி டயானா தன் மரணத்தை நாடகமாடினார் என்பதை அதிகம் நம்பியவர்களே அவர் கொலை செய்யப்பட்டார் என்பதையும் அதிகம் நம்பினார்கள். ஒருவர் உயிரோடு இருந்துகொண்டே கொல்லப்பட்டிருக்கவும் முடியாது. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை ஓடுகிறது: அதிகாரத்தில் இருப்பவர்கள் மறைக்கிறார்கள். அது உறுதியாக இருந்தால் மேலே எந்தக் கதை வந்தாலும் இடம் கிடைத்துவிடும். ஒரு கோட்பாட்டை நம்புபவர் மற்றதையும் நம்பும் சாத்தியம் அதிகம் என்று 1994-லேயே டெட் கோர்ட்செல் கண்டதற்கும் காரணம் இதுதான்.

கணிப்பு பொய்க்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு க்யூஅனானைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்காவை ஒரு ரகசியக் கும்பல் ஆட்டிவைக்கிறது, ட்ரம்ப் அதை ஒழிப்பார் என்று நம்பும் இயக்கம் அது. 'க்யூ' என்ற பெயரில் யாரோ போட்ட பதிவுகளைச் சுற்றி வளர்ந்தது. 2017 அக்டோபர் 28-இல் ஃபோர்சான் தளத்தில் தொடங்கியது. முதல் பதிவே ஹிலாரி கிளின்டன் இரண்டு நாளில் கைதாவார் என்றது. ஆகவில்லை. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 பதிவுகள் வந்தன. பெரும்பாலும் அரைகுறை வாக்கியங்கள், கேள்விகள், எழுத்துக் குறிகள். அர்த்தத்தை வாசகரே கண்டுபிடிக்க வேண்டும். இந்த அமைப்பை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒருவர் சொல்லிக் கேட்ட முடிவை விடலாம். இரவு மூன்று மணி வரை உட்கார்ந்து தானே புள்ளிகளை இணைத்துக் கண்டுபிடித்த முடிவை விடுவது தன் உழைப்பையே குப்பையில் போடுவதாகும். 2021 ஜனவரி 20-இல் பைடன் பதவியேற்றதும் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். பலர் விலகினார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒரு பகுதியினர், 1933 வரை அதிபர்கள் மார்ச் 4-இல் பதவியேற்ற வரலாற்றைத் தோண்டியெடுத்து, ட்ரம்ப் மறுபடி பதவியேற்கும் தேதி என்று அங்கே நகர்த்தினார்கள்.

விளைவு திரைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. 2016 டிசம்பர் 4-இல் வாஷிங்டனில் ஓர் உணவகத்தின் நிலவறையில் குழந்தைகள் அடைக்கப்பட்டிருப்பதாக நம்பி ஒருவர் ஏ.ஆர்-15 துப்பாக்கியோடு உள்ளே போய்ச் சுட்டார். அங்கே குழந்தைகளும் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு நிலவறையே இல்லை. அவருக்கு நான்கு ஆண்டு சிறை கிடைத்தது. குழுக்களில் ஒரு சாராரோ அவரையே நடிகர் என்றார்கள். 2012-இல் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதை நாடகம் என்று பரப்பியதால், பிள்ளையைப் புதைத்த பெற்றோர் ஆண்டுக்கணக்கில் மிரட்டல்களைச் சந்தித்தார்கள். அதைப் பரப்பிய அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் அலெக்ஸ் ஜோன்ஸுக்கு எதிராக 2022-இல் வந்த தீர்ப்புகளின் தொகை 140 கோடி டாலரைத் தாண்டியது.

உண்மையான சதிகளும் உண்டு

இதைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. குழுவில் இருப்பவர் முதலில் எடுத்து வைப்பதும் இதைத்தான். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கருப்பின ஆண்களை ஆய்வில் வைத்திருந்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. பென்சிலின் கிடைத்த பிறகும் கொடுக்காமல் நோய் முற்றுவதைக் கவனித்தார்கள். வோக்ஸ்வாகன் டீசல் கார்களில் வண்டி சோதனையில் இருப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் இருந்தது. 2015-இல் நிறுவனம் ஒப்புக்கொண்டபோது கணக்கு 1.1 கோடி வாகனங்கள்.

இவை எப்படி வெளிவந்தன என்று பாருங்கள். முதலாவதில், உள்ளே வேலை பார்த்த ஒருவர் ஆவணங்களோடு செய்தியாளரிடம் போனார். இரண்டாவதில், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துச் செல்லக்கூடிய அளவுமானியை வண்டியில் கட்டிச் சாலையில் ஓட்டினார்கள். இரண்டிலும் நாள் ஆக ஆகக் குற்றச்சாட்டு குறுகிக் கூர்மையானது: இந்த அலுவலகம், இந்தப் பெயர்கள், இந்த எண்ணிக்கை, இந்த ஆண்டுகள். பொய்யான சதிக் கதை எதிர்ப்பக்கம் வளர்கிறது. ஒரு மறுப்பு வந்தால் மறுத்தவரையும் சதியில் சேர்த்துக்கொள்கிறது. பத்திரிகை, நீதிமன்றம், மருத்துவர்கள், பக்கத்து நாடு என்று வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கோட்பாடு ஓராண்டுக்கு முன் எத்தனை பேரைக் குற்றம் சாட்டியது, இன்று எத்தனை பேரை என்று எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுவே எளிமையானது, ஏமாற்றாதது.

தனக்குத் தானே செய்துகொள்ள இன்னொன்று உண்டு. ஒரு நோட்டில் நெட்டுக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதலில் கூற்று, தேதியோடு. இரண்டாவதில் "இது நடந்தால் நான் தவறு என்று ஒப்புக்கொள்வேன்" என்ற ஒரு வரி. மூன்றாவது காலியாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து நிரப்புங்கள். இரண்டாவது பத்தியில் எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால், அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். பேசியில் வேண்டாம், கையால் எழுதுங்கள். மனம் தன் பழைய கணிப்புகளைத் திருத்தி நினைவில் வைக்கும். மையில் எழுதியதைத் திருத்த முடியாது.

பேசும் முறை

மறுத்தால் நம்பிக்கை இன்னும் இறுகிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். 2010-இல் வந்த ஓர் ஆய்வு அப்படிக் காட்டியது உண்மை. ஆனால் தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் இருவரும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது அந்த விளைவு ஏறக்குறைய எங்கும் தென்படவில்லை. பேசிப் பயனில்லை என்று கைவிட வேண்டியதில்லை. 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில் 2,190 பேர் தாங்கள் நம்பும் கோட்பாட்டையும் அதற்கான காரணத்தையும் தங்கள் சொற்களிலேயே எழுதி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றோடு மூன்று சுற்று உரையாடினார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது; இரண்டு மாதம் கழித்தும் குறைந்தபடியே இருந்தது. அந்தச் செயலி அவரவர் சொன்ன குறிப்பிட்ட சான்றுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னது. களைக்கவில்லை, கோபப்படவில்லை, நாலு பேர் முன்னால் தோற்கடிக்கவும் இல்லை.

நம்மால் அந்த அளவு விவரத்தோடு பேச முடியாது. ஆனால் அந்த அமைப்பைக் கடன் வாங்கலாம். குடும்பக் குரூப்பில் ஒருபோதும் வேண்டாம். அங்கே பின்வாங்குவது எல்லார் முன்னாலும் தலைகுனிவது. தனியாக, நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ, அரை மணிக்குள் முடியும்படி பேசுங்கள். முதலில் "அண்ணா, நீங்க சொன்னதுல உங்களுக்கே ரொம்ப வலுவாத் தெரியுற ஆதாரம் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். பிறகு "நூத்துக்கு எவ்வளவு உறுதியா இருக்கீங்க?" என்று ஓர் எண் வாங்குங்கள். 80 என்றால் "மீதி 20 ஏன்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் தன் சந்தேகத்தைத் தன் வாயாலேயே சொல்வார். நாம் சொல்வதைவிட அதற்குப் பத்து மடங்கு கனம். அவர் சொன்ன அந்த ஒரு ஆதாரத்தை மட்டும், ஒரே திரையில், இருவரும் சேர்ந்து தேடிப் பாருங்கள். அவர் சொன்னதில் உண்மையான பகுதி இருந்தால் முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு நிறுத்திவிட்டு வேறு பேசுங்கள்.

கெடுவது எங்கே என்றால், அரை மணி நன்றாகப் போனதும் உற்சாகத்தில் இன்னும் ஆறு விஷயங்களை இழுப்பதில். அல்லது மறுநாள் காலை பன்னிரண்டு லிங்க் அனுப்புவதில். அவற்றை அவர் குழுவில் போடுவார். குழு மாலைக்குள் பதில் தயாரித்துக் கொடுத்துவிடும். மருந்தை நிறுத்துவது, குழந்தைக்குச் சிகிச்சை மறுப்பது, ஆயுதம், குறிப்பிட்ட ஒருவர் மீது வன்மம் என்று போயிருந்தால் இந்தப் பொறுமை முறை பொருந்தாது. அங்கே மருத்துவரோ காவல்துறையோ உடனே உள்ளே வர வேண்டும்.

நேரம்தான் பலரும் கணக்கில் விடுவது. ஒருவர் தினமும் நான்கு மணி நேரம் குழுவில் இருந்தார் என்றால், அங்கே அவருக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், மதிப்பு இருக்கிறது, அவர் எழுதியதைப் படிக்க ஆள் இருக்கிறது. விட்டு வந்தால் அந்த நான்கு மணி நேரம் வெறுமையாக நிற்கும். சண்டை போட்டு உறவை முறித்துக்கொண்ட குடும்பம் அவருக்கு மிச்சமிருந்த ஒரே வெளிவாசலை அடைத்துவிடுகிறது. கோட்பாட்டைப் பற்றிப் பேசாத அழைப்புகள் வாரத்துக்கு இரண்டு, சேர்ந்து செய்யும் ஏதோ ஒரு வேலை, அவருடைய உதவி உண்மையாகவே தேவைப்படும் ஒரு காரியம் ஆகியவை வாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், வாதம் நின்ற பிறகும் தொடர வேண்டும்.

முதல் விரிசல் பெரிய கோட்பாட்டில் வராது. ஏதோ ஒரு சின்ன வீடியோவில் வரும். "அது மட்டும் எடிட் பண்ணதுன்னு நினைக்கிறேன்" என்று போகிறபோக்கில் சொல்வார். அந்த நேரத்தில் "நான் அப்பவே சொன்னேனே" என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று மட்டும் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.